யார் யாரிடம் பேசினார்கள்

திருப்பூரில் நான் அட்மின் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் சென்ற ஆண்டு ஒரு தவறு நடந்தது. சட்டையின் கருநீலத்தைக் கொஞ்சம் மாற்றும்படி ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் அதைப் படித்துவிட்டுப் பக்கத்து மேசையில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு, வேறு வேலையாகச் சாயப்பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். கட்டிங் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய நிறத்திலேயே ஒரு முழு ஆர்டரை வெட்டி முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தோட்டத்தை விற்காமலே கம்பெனி வைத்த குடும்பம். யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"ஏனுங்க சார், நீங்க பட்டாளத்துல இருக்கறப்ப யாரு யாருகிட்டப் பேசறாங்க, சேதி எங்க போயி நிக்குதுன்னு கண்டுபுடிச்சு சார்ட்டு போட்டீங்கல்ல? அதே மாதிரி நம்ம கம்பெனிக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்க வேண்டியதில்லை. வேலைக்கு வந்த அன்று என் சான்றிதழ்களோடு ஒரு பாராட்டுக் கடிதத்தையும் நானே கொடுத்திருந்தேன். அதில் எல்லாம் எழுதியிருந்தது.

"அது மட்டும் வேண்டாமுங்க. வேற யாரையாவது வெச்சுப் பண்ணிக்குங்க" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து, "சரிங்க சார், விடுங்க" என்று முடித்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. ஏழு வருடமாகப் போகாமல் தள்ளிப்போட்ட ஒரு வீட்டுக்குப் போய், ஏழு வருடமாகச் சொல்லாமல் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த வீடு பொங்கலூரில் இருந்தது.

என் சொந்த ஊர் சோமனூர். அப்பா விசைத்தறி ஓட்டினார். நான் பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஹவில்தார் வரை வந்தேன். கடைசிச் சில வருடங்கள் வடக்கே ஒரு தலைமையகத்தில் வேலை. மூன்று மாடிக் கட்டிடம். கீழ்த்தளத்தில் தபாலும் தொலைபேசிச் செய்திகளும் வந்து சேரும் கவுண்டர் இருந்தது. அதில், ஹவில்தாருக்கு ஒரு படி கீழான பதவியில், ஒரு நாயக் இருந்தான். பொங்கலூர்க்காரன், என்னைவிட ஐந்து வயது சின்னவன். கட்டிடம் முழுக்க இந்தியும் பஞ்சாபியும் மலையாளமுமாகக் கேட்கும் இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் பேச்சில் கொங்கு 'ங்க' இருந்தது. என்னை அண்ணா என்பான். நான் அவனைத் தம்பி என்பேன்.

அவன் வேலை, வந்ததைப் பதிந்து, போக வேண்டிய தட்டில் வைப்பது. அவ்வளவுதான். ஆனால் அவன் அதோடு நிறுத்தமாட்டான். எந்தக் கோப்பு எந்த அறையில் கிடக்கிறது, எந்த அதிகாரி எப்போது இருக்கையில் இருப்பார், யாரிடம் வாயால் சொன்னால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். யாருடைய வீட்டிலிருந்தாவது கெட்ட செய்தி வந்தால் தட்டிலே வைக்கமாட்டான். சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தானே படியேறுவான். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அப்படித்தான் வந்தான். தொப்பிகூடப் போடவில்லை. "அண்ணா, பயப்படாதீங்க, அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திட்டாங்க" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் என்ன நடந்தது என்றே சொன்னான். என் லீவுக்குக் கையெழுத்து வாங்கி, ரயிலுக்கும் வழி செய்து, வண்டி ஏறும்வரை கூடவே நின்றான். அப்பா பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஒரு பயிற்சி நடந்தது. அதில் ஒரு பிரிவுக்குப் போக வேண்டிய உத்தரவு பயிற்சி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. பயிற்சி என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைமையகத்துக்குள் செய்தி எப்படிப் போகிறது என்று ஆராயும்படி மேலிடம் சொல்லிவிட்டது. அதற்காக ஒரு பெண் மேஜர் வந்தார். முப்பது வயது இருக்கும். கூர்மையானவர், நல்லவரும்கூட. அவருக்கு உதவியாக என்னைப் போட்டார்கள்.

ஆறு வாரம் கட்டிடத்தில் இருந்த ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் வைத்தோம். யார் பேசினார், யாரிடம், போனிலா நேரிலா கோப்பிலா, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுத வேண்டும். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை. மாலையில் தாள்களை நான் திரட்டிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கோடு. நிறையப் பேரோடு பேசுகிறவரின் வட்டம் பெரியதாகும். பெரிய சார்ட் தாளில் பென்சிலால் போட்டு, பிறகு மை தீட்டுவேன். இருபது வருடம் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவனுக்கு, முதல் தடவையாக நானே ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்ற சந்தோஷம். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தத் தாளைவிட்டு எழ மனம் வராது.

மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் மேலதிகாரி கர்னலின் வட்டத்தைவிடக் கீழ்த்தளத்து நாயக்கின் வட்டம் பெரியதாக இருந்தது. ஆட்களைக் குறிக்கப் பெயருக்குப் பதில் எண் போட்டிருந்தோம். மேஜர் அந்த வட்டத்தில் விரலை வைத்து, "இது யார்?" என்றார். சொன்னேன். "இந்த ஒரு ஆள் லீவில் போனால் இந்தத் தலைமையகம் ஊமையாகிவிடும்" என்று வியந்து போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவனை நினைத்தல்ல, என் படத்தை நினைத்து.

ஐந்தாவது வாரம் ஒருநாள் டீ நேரத்தில் அவன் என் மேசைக்கு வந்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணா, அந்தப் படத்துல எம்பட வட்டத்தக் கொஞ்சம் சின்னதாப் போட முடியுமுங்களா?"

"எதுக்குத் தம்பி?"

"பெருசாத் தெரிஞ்சா மேல இருக்கறவங்க கண்ணுல பட்டிருமுங்க. ஊட்டுல அவளுக்கு இது அஞ்சாவது மாசம். இங்கயே இருந்தா தெனமும் போன்ல பேசிக்குவன். பிரசவத்துக்கும் லீவு போட்டுட்டுப் போயிருவனுங்க. இப்ப மாத்திட்டாங்கன்னா வெறும் பனியில போயி உக்காந்துக்கோணும்."

"இருக்கறதத்தான் தம்பி போட முடியும். அதுல நான் கை வெக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். பிறகு சிரித்து, "அதுஞ் சரிதானுங்ணா. வுடுங்க" என்று டீ டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

வட்டத்தைச் சின்னதாகப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நான் சொல்லவில்லை. பொய்க் கணக்கு எழுதினால் அந்த வேலைக்கே அர்த்தம் இல்லை. ஆனால் மேஜரிடம் போய், "மேடம், இவன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், நாலு மாதம் பொறுத்து மாற்றச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். தினமும் அவர் எதிரிலேதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. படத்தைப் பார்க்க வரும் கர்னல் என்ன சொல்வாரோ என்பதிலேயே என் நினைப்பு முழுக்க இருந்தது.

கர்னல் வந்தார். பார்த்தார். என் முதுகில் தட்டி, "ஷாபாஷ்" என்றார். அறிக்கையில், ஒரே ஒரு ஆளை நம்பி இத்தனை செய்திகள் ஓடுவது ஆபத்து, அந்த வேலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதினோம். அதில் தவறாக ஓர் எழுத்தும் கிடையாது. கவுண்டர் மூன்றாகப் பிரிந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவன் ஒரே இடத்தில் அதிக நாள் இருந்துவிட்டான் என்று சொல்லி, மலைமேல் பனிக்குள் இருக்கும் ஒரு காவல் நிலைக்கு மாற்றினார்கள். கிளம்பும் அன்று என் அறைக்கு வந்து சொல்லிக்கொண்டுதான் போனான். "ஊட்டுல எதாச்சும்னா கவுண்டர் நம்பருக்குத்தானுங்ணா கூப்புடச் சொல்லியிருக்கறன். பாத்துக்குங்க" என்றான். "நான் இருக்கறன் தம்பி" என்றேன்.

இரண்டு மாதமும் சில நாட்களும் போயின. ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ தமிழில் பேசுகிறார்கள், சோமனூர்க்காரரைக் கேட்கிறார்கள் என்று சொல்லி ஒரு போனை என் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். பேசியவன் அவனுடைய மச்சினன், மனைவியின் தம்பி.

"அண்ணா, மாமாவுக்குச் சொல்லிட்டீங்களா? எதுக்குங்க இன்னும் ஒரு போன்கூட வல்லை?"

"என்ன சொல்லோணும்?"

"எங்க அக்கா போயிட்டாங்க. சனிக்கெழம வெடியறதுக்குள்ளயே. ரெண்டு தடவ போன் பண்ணிச் சொன்னனுங்களே. நேத்து மத்தியானம் வரைக்கும் மாமாவுக்காக வெச்சிருந்து பாத்துட்டு எடுத்துட்டமுங்க."

நான் எழுந்து கீழே ஓடினேன். மூன்று கவுண்டர்களில் இரண்டாவதன் தட்டில், மற்றத் தாள்களுக்கு அடியில், இரண்டு சீட்டுகள் இருந்தன. முதலாவது வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு எழுதியது: மனைவி மருத்துவமனையில், வலிப்பு வந்திருக்கிறது, உடனே போன் செய்யச் சொல்லவும். இரண்டாவது சனிக்கிழமை காலை எழுதியது: மனைவி இறந்துவிட்டார், பெண் குழந்தை உயிரோடு இருக்கிறது.

யார் யாரிடம் பேசினார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அப்போது என் வேலையாயிற்றே. அன்றைக்கு அதையும் செய்தேன். போனை எடுத்தவர் எழுதி அடுத்த கவுண்டருக்குத் தள்ளியிருக்கிறார். அடுத்தவர், வேறு பிரிவுக்கான செய்தி, மூன்றாமவர் அனுப்பியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். மூன்றாமவர் அதைப் பார்க்கவே இல்லை. ஞாயிறு விடுமுறை. மலைமேல் இருந்த அந்த நிலையோடு காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரேடியோவில் தொடர்பு உண்டு. அவசரத்துக்கு சாட்டிலைட் போனும் உண்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில், அந்தச் சீட்டு ரேடியோ அறைவரை இருபது அடி நடந்திருந்தால் போதும். அந்த இரண்டு மணி நேரமும் நான் மேல்மாடியில் என் நாற்காலியில்தான் இருந்தேன்.

அன்று மாலையே அவனுக்குச் செய்தி போனது. வழியெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஹெலிகாப்டர் வர நாலு நாள் ஆயிற்று. அவன் பொங்கலூர் போய்ச் சேர்ந்தபோது எல்லாச் சடங்கும் முடிந்து, குழந்தை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

மேஜர் அதற்குள் வேறு ஊருக்கு மாறியிருந்தார். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஒருமுறை அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவன் சீக்கிரமே பட்டாளத்தை விட்டு ஊருக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன். திருப்பூருக்கும் பொங்கலூருக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போகவில்லை. அவன் கோழிப் பண்ணை போட்டிருக்கிறான், மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெண் பள்ளிக்கூடம் போகிறாள் என்று யார் யாரோ சொல்லித் தெரியும்.

முதலாளி அந்தச் சார்ட்டைக் கேட்ட வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, பல்லடத்தில் பஸ் மாறிப் போனேன். தோட்டத்துக்குள் வீடு. பின்னால் நீளமான கோழிக் கொட்டகை. வெயிலுக்குச் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்ணா. வாங்க. எத்தன வருசமாச்சு!"

நாற்காலி எடுத்துப் போட்டான். செம்பில் தண்ணீர் கொடுத்தான். மகள் தன் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டுக்குப் போயிருப்பதாகவும், வாராவாரம் சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை வருவாள் என்றும், மச்சினன்தான் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறான் என்றும் சொன்னான். முகம் தெளிவாக இருந்தது. அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டதை மேஜரிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். பாராட்டுக் கடிதத்தைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியுமுங்ணா. அப்பவே தெரியும். அது உங்க வேலை" என்றான். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னேன்.

"அந்த ரெண்டு சீட்டும் தட்டுலயே கெடந்துது தம்பி. நான் மேல உக்காந்துட்டிருக்கறன், அது கீழ கெடக்குது."

"ரெண்டு சீட்டா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ரெண்டாவது என்னதுங்ணா? அவ போனதுக்கு ஒண்ணு. இன்னொண்ணு?"

அவன் எழுந்து என் முன்னால் வந்து நின்றான்.

"சொல்லுங்ணா."

"மொத நாளு வந்தது. வெள்ளிக்கெழம சாயந்தரம். ஆஸ்பத்திரில சேத்தியிருக்கு, உன்னப் பேசச் சொல்லோணும்னு."

"ஆஸ்பத்திரி போற வழியிலயே போயிட்டான்னுதானுங்களே எல்லாருஞ் சொன்னாங்க. ஊட்டுல வலிப்பு வந்துது, கார்லயே முடிஞ்சுதுன்னு."

அவளுடைய வீட்டார் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஓர் இரவு முழுக்க அவள் உயிரோடு இருந்தாள், இவன் குரல் வரவில்லை என்பது இவனுக்குத் தெரிய வேண்டாம் என்று, ஏழு வருடமாக அத்தனை பேரும் ஒரே பேச்சாக இருந்திருக்கிறார்கள்.

"அப்ப வெள்ளிக்கெழம சாயந்தரம் அவ இருந்தா."

"இருந்தாங்க தம்பி."

"பேசறாப்பல இருந்தாளா?"

"எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது."

அவன் கொட்டகைப் பக்கம் நடந்து போனான். பாதியில் நின்றிருந்த படுதாவை இறக்கிக் கட்டினான். அடுத்ததையும் இறக்கினான். எல்லாவற்றையும் இறக்கி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. பிறகு வந்து நின்றான். கண்ணில் நீர் இல்லை. முகம்தான் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அந்தப் படம் போட்டதுக்கெல்லாம் உங்கள நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டனுங்ணா. ஆனா இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"தப்புத்தான் தம்பி."

"சோறு ஆக்கி வெச்சிருக்குது. சாப்புட்டுட்டுப் போங்க."

"வேண்டாம் தம்பி."

"அப்பறம் ஒண்ணுங்க. இனிமே வர வேண்டாமுங்ணா."

பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். வெயில் தெரியவில்லை. திருப்பூர் வந்து இறங்கியதும்தான் என் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அதைக் கேட்டுக்கூட இனிப் போக முடியாது.

பத்து நாள் கழித்து மச்சினன் போன் செய்தான். எங்கிருந்தோ என் எண்ணை வாங்கியிருந்தான்.

"எதுக்குங்க சொன்னீங்க? நாங்க அத்தன பேரும் வாய மூடிட்டு இருந்தமில்லீங்க? மாமா எங்ககூடப் பேசறதில்லீங்க. 'ஏழு வருசம் என்னயப் பைத்தியக்காரன் பண்ணீட்டீங்களா'ன்னு எங்கம்மாவக் கேட்டுட்டாரு. பாப்பாவ அனுப்பறதில்லை. எங்கம்மா சனிக்கெழமையானா ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை வாங்கிக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்ததும், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"தம்பி, வெள்ளிக்கெழம சாயந்தரம் உங்கக்கா பேசறாப்பல இருந்தாங்களா?"

பின்னால் எங்கோ தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"இருந்தாங்க. மருந்து ஏத்துனதுக்கப்பறம் நல்லாத் தெளிஞ்சுட்டாங்க. எம்பட போன வாங்கி நெஞ்சு மேல வெச்சுட்டுப் படுத்திருந்தாங்க. அடிச்சா நாந்தான் எடுப்பேன், நீ எடுத்தறாதன்னு சொன்னாங்க. ஒம்போது மணிக்கு மேலதானுங்க மறுபடி வலிப்பு வந்துது."

"இத மாமாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லீங்க. சொல்ல மாட்டனுங்க. நீங்களும் சொல்லீறாதீங்க."

பொங்கலூர்க்காரன் தீபாவளிக்கு மகளை அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவைத்தான் என்று கேள்விப்பட்டேன். இப்போது பழையபடி வாராவாரம் போகிறாளாம். அவன் மட்டும் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறானாம். போன மாதம் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். அவளுக்கு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவன் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் திரும்புவதற்குள் நான் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.